தாழ்த்திய காரில் 18 அங்குல வீல் உட்காருமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். முன்சக்கரங்களால் இயங்கும் கார். ஷாக் அப்சார்பரை மாற்றாமல் லோயரிங் ஸ்பிரிங் மட்டும் போட்டு 40 மி.மீ. தாழ்த்தியிருக்கிறீர்கள். கம்பெனி வீல் 6.5 ஜே × 16 (6.5 அங்குல அகலம், 16 அங்குல விட்டம்), ஈடி 45 (ஆஃப்செட்; கீழே விளக்குகிறேன்). டயர் 205/55 ஆர் 16, அதாவது பெயரளவு அகலம் 205 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம். இப்போது 8.5 ஜே × 18, ஈடி 35 வீலும் 225/40 ஆர் 18 டயரும் பார்த்து வைத்திருக்கிறீர்கள். உட்காருமா, உரசுமா என்று கேட்கிறீர்கள்.

நிற்கும் காரில் உட்காரும். ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடும் காரில் பெரும்பாலும் உரசும், அதுவும் ஃபெண்டரின் (சக்கரத்தை மேலிருந்து மூடும் தகட்டின்) உலோக விளிம்பில். எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்று காட்டுகிறேன். கணக்கு கைக்கு வந்துவிட்டால் அடுத்த வீலை யாரையும் கேட்காமல் நீங்களே ஏற்கவும் ஒதுக்கவும் முடியும்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். காரைத் தாழ்த்தியதால் டயருக்கான இடம் 40 மி.மீ. குறைந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். சக்கரம் மேலே எதுவரை ஏறலாம் என்பதைத் தீர்மானிப்பது ஸ்பிரிங் அல்ல, பம்ப் ஸ்டாப், அதாவது சக்கரத்தின் ஏற்றத்தைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் கட்டை. ஷாக்கும் பம்ப் ஸ்டாப்பும் பழையவையாகவே இருந்தால், சக்கரம் எட்டும் உச்சமும் பழைய உச்சம்தான். முன்பு நான்கு பேரும் சாமான்களும் ஏறிய நிலையில் பெரிய பள்ளத்தில் விழுந்தால் மட்டும் அந்த உச்சத்துக்குப் போய் வந்த சக்கரம், இப்போது சாதாரண மேடு பள்ளத்திலேயே போய் வருகிறது. மாறியிருப்பது இடம் அல்ல, அந்த இடத்துக்குச் சக்கரம் போய்வரும் தடவைகள். அதனால் நின்ற நிலையில் டயருக்கும் ஃபெண்டருக்கும் இடையே இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. உச்சத்தில் என்ன நடக்கிறது என்பதே கேள்வி.

இதற்கு இரண்டு விதிவிலக்குகள் உண்டு. உடல் குட்டையான ஷாக் கொண்ட காயில்ஓவர் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக வரும், உயரம் மாற்றக்கூடிய அமைப்பு) போட்டால் உச்சம் மாறும். பம்ப் ஸ்டாப்பை வெட்டினாலும் மாறும். தாழ்த்திய கார் சட்டென்று தட்டி நிற்கிறது என்பதற்காக ஸ்டாப்பைப் பாதியாக வெட்டிவிடும் பழக்கம் பல பணிமனைகளில் இருக்கிறது. அப்படி வெட்டியவர்களுக்கு, கம்பெனி டயரே உரசாது என்று உறுதி சொல்ல முடியாது. உங்கள் காரில் வெட்டியிருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.

அளக்கும் முறையைப் பிறகு சொல்கிறேன். முதலில் கணக்கு. வீலின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் நடுக்கோடு ஒன்று. வீல் ஹப்பில் (வீலைத் தாங்கிச் சுழலும் நடுப்பகுதியில்) பதியும் முகம் மற்றொன்று. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை மி.மீ. கணக்கில் சொல்வதுதான் ஆஃப்செட். ஈடி 45 என்றால் பதியும் முகம் நடுக்கோட்டைவிட 45 மி.மீ. வெளிப்புறமாக இருக்கிறது. எண் குறையக் குறைய வீல் காரை விட்டு வெளியே வரும். பாதி அகலத்திலிருந்து ஈடியைக் கழித்தால் ஹப் முகத்திலிருந்து வெளிப்பக்க விளிம்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது கிடைக்கும். கூட்டினால் உள்பக்க விளிம்பு.

உங்கள் 6.5 அங்குலம் 165.1 மி.மீ.; பாதி 82.5. வெளியே 37.5, உள்ளே 127.5. பார்த்து வைத்திருக்கும் 8.5 அங்குலம் 215.9, பாதி 108. வெளியே 73, உள்ளே 143. அதாவது ரிம் வெளிப்புறம் 35 மி.மீ.க்கு மேலும், உள்புறம் 15 மி.மீ.க்கு மேலும் வளர்கிறது. இணையத்தில் கிடைக்கும் ஒப்பீட்டுக் கணிப்பான்கள் பலவும் இங்கேயே நின்றுவிடும். பார்ப்பவர் 35 என்ற எண்ணைக் கண்டு பயந்துபோவார். ஆனால் ஃபெண்டரில் முதலில் உரசுவது ரிம்மின் அகலக் கணக்கு அல்ல, டயரின் தோள். எனவே டயரின் உண்மையான அகலத்தை எடுத்துக்கொண்டு இன்னொரு முறை கணக்குப் போட வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் முதல் எண் அதன் உண்மையான அகலம் அல்ல. ஒவ்வொரு அளவுக்கும் ஓர் அளவீட்டு ரிம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. 205/55 ஆர் 16 டயரை அதன் அளவீட்டு ரிம்மான 6.5 அங்குலத்தில் ஏற்றினால் அகலம் 214 மி.மீ. வரும், 205 அல்ல. 225/40 ஆர் 18 டயர் 8 அங்குல ரிம்மில் 230. ஆனால் 225/45 ஆர் 17 டயர் 7.5 அங்குலத்தில் சரியாக 225. 215/45 ஆர் 17 டயர் 7 அங்குலத்தில் 213தான், உங்கள் '205'ஐவிட ஒல்லி! ரிம் அரை அங்குலம் கூடினால் டயர் ஏறக்குறைய 5 மி.மீ. விரியும், குறைந்தால் அதே அளவு சுருங்கும். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் பழைய டயரின் வெளிப்பக்கத் தோள்: 107 கழித்தல் 45, அதாவது 62. புதிய 225/40 டயர் 8.5 அங்குல ரிம்மில் சுமார் 235 மி.மீ. விரிந்து நிற்கும்; 117.5 கழித்தல் 35, அதாவது 82.5. இருபது மி.மீ. வெளியே. இன்னொரு சங்கதி: ரிம்மின் அகலம் டயர் உட்காரும் இருக்கைகளுக்கு இடையே அளக்கப்படுவது. இருபக்க உதடுகளையும் சேர்த்தால் வீலின் மொத்த அகலம் சுமார் ஓர் அங்குலம் கூடும். ஆகவே உங்கள் 8.5 அங்குல வீலின் உதடு 85 மி.மீ. வாக்கில், டயரையும் தாண்டி வெளியே நிற்கும். நடைபாதை ஓரத்தில் நிறுத்தும்போது கல்லில் தேய்வது டயராக இருக்காது, வீலாக இருக்கும். உள்பக்கம் டயர் 152.5; பழையது 152. அதாவது உள்ளே கிட்டத்தட்ட எதுவும் மாறவில்லை. அத்தனை அகலத்தையும் இந்த வீல் வெளிப்புறத்திலேயே வாங்கிக்கொண்டிருக்கிறது. இவ்வகைக் கார்களில் மிச்சமிருக்கும் இடம் பெரும்பாலும் 20 மி.மீ. வெளிப்புற வளர்ச்சியைத் தாங்காது. உரசும் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இதே கணக்கை 7.5 ஜே × 17, ஈடி 42 வீலுக்கும் 225/45 ஆர் 17 டயருக்கும் போட்டால், வெளியே 70.5, உள்ளே 154.5. வெளிப்புறம் 8.5 மி.மீ. கூடுதல், உள்புறம் 2.5 மி.மீ. கூடுதல். அதே வீலில் 215/45 போட்டால் டயர் 218 வாக்கில் விரியும். வெளியே 67, உள்ளே 151. ஃபெண்டருக்கு 5 மி.மீ. நெருங்கி வருகிறது, உள்ளே ஒரு மி.மீ. இடம் மிச்சமாகிறது. ரிம் ஓர் அங்குலம் அகலமாகியும் டயர் இருந்த இடத்திலேயே ஏறக்குறைய நிற்கிறது. என் பரிந்துரை இந்த 17 அங்குலப் பக்கம்தான். 18தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் 8 ஜே, ஈடி 45 தேடுங்கள். 225/40 டயருடன் வெளியே 70, உள்ளே 160. ஆனால் உள்பக்கத்தில் 8 மி.மீ. போய்விடுகிறது, அங்கே ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கைச் சுமக்கும் ஷாக் தூண்) காத்திருக்கிறது.

ஸ்ட்ரட் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு என்றால், ஸ்ட்ரட்டின் கீழ்ப்பகுதியும் சக்கரமும் ஒரே நக்கிளில் (ஹப்பைத் தாங்கும் உலோகப் பகுதியில்) இறுகியிருக்கின்றன. சக்கரம் ஏறினால் அந்தப் பகுதியும் சேர்ந்தே ஏறும். அதனால் டயருக்கும் ஸ்ட்ரட் உடலுக்கும் உள்ள இடைவெளி காரைத் தாழ்த்தினாலும் மாறாது, பள்ளத்தில் விழுந்தாலும் மாறாது, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மாறாது. நின்ற நிலையில் 5 மி.மீ. இருந்தால் எப்போதும் அதேதான். டயர் வளைந்து கொடுப்பதற்கான அளவு மட்டும் விட்டுவைத்தால் போதும். காயில்ஓவருக்கு மாறினால் கதை வேறு: ஸ்பிரிங் உட்காரும் தட்டு கீழே இறங்கி டயரின் உயரத்துக்கு வந்துவிடலாம், அந்த அகலமான தட்டுதான் முதலில் மோதும்.

கேம்பரிலும், அதாவது சக்கரத்தின் தலை உள்ளே சாயும் கோணத்திலும், ஒரு நுட்பம் இருக்கிறது. ஸ்ட்ரட்டை நக்கிளோடு பிணைக்கும் போல்ட்டில் கேம்பர் கூட்டினால், டயரின் தலை ஸ்ட்ரட்டை நோக்கிச் சாயும், உள் இடைவெளி குறையும். மேலே கேம்பர் பிளேட் (ஸ்ட்ரட்டின் மேல்முனையை நகர்த்தும் தட்டு) வைத்துக் கூட்டினால் ஸ்ட்ரட்டும் சேர்ந்தே சாய்வதால் அந்த இடைவெளி குறையாது. ஃபெண்டர் பக்கத்தில் மட்டும் இடம் கிடைக்கும். உங்கள் அளவு டயரில் ஒரு பாகை கேம்பர் என்பது டயரின் உச்சியில் சுமார் 5.5 மி.மீ. அதற்காக டயரைத் திணிப்பதற்கென்றே நான்கு ஐந்து பாகை சாய்ப்பவர்களை நான் ஆதரிக்கவில்லை. பிரேக் போடும்போது டயரின் உள் ஓரம் மட்டுமே தரையைப் பற்றுகிறது. உள் ஓரம் சீக்கிரம் தேய்ந்தால் எல்லாரும் கேம்பரைத் திட்டுவார்கள். தாழ்த்திய பிறகு சரிசெய்யாமல் விட்ட டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) தான் பெரும்பாலும் உண்மையான குற்றவாளி. ஆகவே அலைன்மென்ட் முடித்த பிறகே அளவெடுக்க வேண்டும். அதற்கு முன் எடுத்த அளவு வீண்.

பின்பக்கத்தில் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) இருந்தால் கேம்பரைச் சரிசெய்ய வழியே இருக்காது. அங்கே சக்கரம் ஏறக்குறைய நேராக மேலேறுகிறது, ஃபெண்டர் விளிம்பு அதன் வழியில் இருக்கிறது. பின் இருக்கையில் ஆட்கள் ஏறியதும் அழுந்துவதும் அந்தப் பக்கம்தான். பேனார்டு கம்பி (அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) உள்ள பின் அச்சு என்றால், தாழ்த்தும்போது அச்சே ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும். ஒரு பக்கம் இடம் தாராளமாகவும் மறுபக்கம் நெருக்கமாகவும் தெரியும். நீளம் மாற்றக்கூடிய கம்பி போட்டு அச்சை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகு அளக்க வேண்டும். அந்தக் கம்பி இல்லாத கார்களில்கூட இடது வலது ஃபெண்டர்கள் சில மி.மீ. வேறுபடுவது சகஜம். நான்கு மூலையையும் அளந்து, மிக நெருக்கமான மூலையை நம்புங்கள்.

அளப்பதற்கு நம்பகமான வழி, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஷாக்கையும் பம்ப் ஸ்டாப்பையும் மட்டும் பொருத்துவது. காரை ஸ்டாண்டுகளில் நிறுத்தி, பழைய சக்கரத்தை மாட்டி, ஸ்டாப் நன்றாக அழுந்தும்வரை ஜாக்கியால் ஏற்றுங்கள். அந்த நிலையில் டயரின் தோளிலிருந்து ஃபெண்டர் விளிம்பு எவ்வளவு, லைனர் (சக்கரக் குழியின் உள்ளே உள்ள பிளாஸ்டிக் உறை) எவ்வளவு, உள்ளே ஸ்ட்ரட்டோ பீமோ எவ்வளவு என்று குறியுங்கள். முன்பக்கத்தில் ஸ்டியரிங்கை இரு கோடிகளுக்கும் திருப்பி மீண்டும் பாருங்கள். வேகமாகப் பள்ளத்தில் விழும்போது ஸ்டாப் ஜாக்கியில் அழுந்தியதைவிட அதிகம் அழுந்தும். ரப்பர் புஷ்களும் வளையும். ஆகவே உலோகம் உள்ள திசையில் கடைசி 5 மி.மீ.யைச் செலவழிக்காதீர்கள். ஸ்பிரிங் கழற்ற வசதியில்லையென்றால், ஃபெண்டர் விளிம்பின் உள்புறம் களிமண் உருண்டைகளை ஒட்டி, பின் இருக்கையிலும் டிக்கியிலும் பாரம் ஏற்றி, மேடு பள்ளத்தில் ஓட்டிவிட்டுக் களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பாருங்கள். துல்லியம் குறைவுதான், ஆனாலும் கண்ணால் பார்த்து ஊகிப்பதைவிட எவ்வளவோ மேல்.

வீல் வாங்கிவிட்டு அதற்கேற்ற ஸ்பேசர் தேடுவது பின்வழியாக நடப்பது. ஹப்புக்கும் வீலுக்கும் இடையே வைக்கும் தட்டான ஸ்பேசர் செய்வது ஆஃப்செட்டைக் குறைப்பது மட்டுமே. ஈடி 45 வீலுக்கு 10 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் அது ஈடி 35 வீல். ரிம் எத்தனை அகலமானாலும் அதன் நடுக்கோட்டை நகர்த்துவது ஆஃப்செட் ஒன்றுதான். முன்சக்கர கார்களில் நடுக்கோடு வெளியே நகர நகர ஸ்டியரிங் கனக்கும், சாலையின் ஒவ்வொரு குழியும் கைக்கு வந்து தட்டும், முடுக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், பேரிங்கில் சுமை கூடும். மூன்று மி.மீ. மாறினால் கவனிக்கவே மாட்டீர்கள். பத்து மி.மீ. மாறினால் கவனிப்பீர்கள்.

டயரின் விட்டமும் கணக்கில் வர வேண்டும். உங்கள் 205/55 ஆர் 16 டயரின் விட்டம் 632 மி.மீ. 225/45 ஆர் 17 என்றால் 634. 225/40 ஆர் 18 என்றால் 637. 215/45 ஆர் 17 என்றால் 625. நான்குமே நெருக்கமானவை, ஸ்பீடோமீட்டர் ஒரு சதவீதம் முன்னே பின்னே காட்டும், அவ்வளவுதான். தாழ்த்திய காரில் சின்ன விட்டம் பக்கம் சாய்வது எனக்குப் பிடிக்கும். 215/45இல் உச்சியில் 3 மி.மீ. இடம் கிடைக்கிறது.

ஆனால் விட்டம் பார்ப்பவர்கள் சுமைக் குறியீட்டைப் பார்ப்பதில்லை. உங்கள் பழைய டயரின் குறியீடு 91, அதாவது ஒரு டயருக்கு 615 கிலோ. 225/40 ஆர் 18இன் சாதாரண வகைக்கு 88, அதாவது 560 கிலோ. 215/45 ஆர் 17இன் சாதாரண வகைக்கு 87, 545 கிலோ. இரண்டும் குறைவு. கூடுதல் சுமை தாங்கும் எக்ஸ்எல் வகை வாங்கினால் முறையே 92, 91 கிடைக்கும். அந்த எக்ஸ்எல் டயர் தன் முழுச் சுமையைத் தாங்க 290 கிலோபாஸ்கல் காற்று வேண்டும். சாதாரண வகைக்கு 250 போதும். ஆகவே பழைய காற்றழுத்தத்தையே வைத்துக்கொண்டு எக்ஸ்எல் போட்டேன், கவலையில்லை என்றிருக்க முடியாது. கொஞ்சம் கூட்ட வேண்டும். அகலமான ரிம்மில் ஒல்லி டயரை இழுத்து ஏற்றும் மோகத்தைப் பற்றி ஒரே வரி: 215/45 ஆர் 17க்கு 7 முதல் 8 அங்குலம், 225/40 ஆர் 18க்கு 7.5 முதல் 9 அங்குலம் என்பதே அங்கீகரிக்கப்பட்ட எல்லை. அதைத் தாண்டினால், ஃபெண்டரில் இடம் கிடைத்தாலும், திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ள வழி வைத்தவர் ஆவீர்கள்.

இனி மீதிப் பொருத்தங்கள். நட் வட்டத்தின் அளவு (நட்டுகளின் எண்ணிக்கையும், அவை அமையும் வட்டத்தின் விட்டம் மி.மீ. கணக்கிலும்) அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும். 5 × 112க்கும் 5 × 114.3க்கும், 4 × 98க்கும் 4 × 100க்கும் ஆரத்தில் ஒரு மி.மீ. வாக்கில்தான் வித்தியாசம், முறுக்கினால் ஏறிவிடும், ஸ்டட் வளைந்த நிலையில் இழுபட்டு நிற்கும். 'கிட்டத்தட்ட சேரும்' என்று விற்பவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வீலின் நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் இரண்டு அளவுக்கும் பொருந்தும் வளையம் போட்டு நடுப்படுத்துங்கள், இல்லையென்றால் வேகத்தில் ஸ்டியரிங் அதிரலாம். துளை சிறிதாக இருந்தால் அந்த வீல் உங்களுக்கில்லை.

நட்டின் இருக்கையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஹோண்டாவின் கம்பெனி வீல்களில் பந்து வடிவ இருக்கை. டொயோட்டாவின் அலாய் வீல்கள் பலவற்றில் தட்டை வாஷர். வெளியே விற்கும் வீல்களில் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு. பழைய நட்டைப் புதிய வீலில் போட்டால் இறுகியதுபோலத் தோன்றும், தொடுவது ஒரு மெல்லிய வளையம் மட்டுமாகவே இருக்கும். புரிகள் ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது உள்ளே போக வேண்டும்: எம்12 × 1.5 (12 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. புரி இடைவெளி) என்றால் குறைந்தது 8 சுற்று.

பிரேக் காலிபருக்கு வீலின் விட்டத்தைவிட ஆரக்கால்களின் வளைவுதான் முக்கியம். ஒரே அளவு, ஒரே ஆஃப்செட் கொண்ட இரண்டு வீல்களில் ஒன்று காலிபரைத் தொடும், மற்றொன்று தொடாது. வாங்குவதற்கு முன் ஒரு வீலை முன் ஹப்பில் மாட்டிக் கையால் சுற்றிப் பாருங்கள். டயர் ஏற்றாத வீலாக இருக்கட்டும். டயர் ஏற்றிவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது. வீலின் பின்புறத்தில் எத்தனை கிலோ தாங்கும் என்று வார்த்திருப்பார்கள். அது உங்கள் அச்சின் அதிகபட்சச் சுமையில் பாதிக்குக் குறையக் கூடாது. ஜப்பானியத் தரக்குறியான ஜேடபிள்யூஎல் இருந்தால் நல்லது. எந்தக் குறியும் எந்த எண்ணும் இல்லாத வீலை விலைக்காக வாங்காதீர்கள். தாழ்த்திய காரில் சஸ்பென்ஷன் பயணமும் குட்டை, டயரின் பக்கச்சுவரும் குட்டை. பள்ளத்தின் அடி முழுவதும் ரிம்முக்கே போகிறது. 17ஐ நான் வற்புறுத்துவதற்கு இது இரண்டாவது காரணம்: 215/45இன் சுவர் 97 மி.மீ., 225/40இன் சுவர் 90.

எல்லாம் செய்தும் பின்னால் 2 அல்லது 3 மி.மீ. போதவில்லை என்றால் ஃபெண்டரின் உள்மடிப்பை உருட்டி மடக்கலாம். பெயின்ட்டைச் சூடாக்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் வெடிக்காது. அதற்கு முன் லைனரைப் பிடிக்கும் ஸ்குரூக்களையும் பம்பர் சேரும் மூலையையும் பாருங்கள். டயரைக் கிழிப்பது பல நேரங்களில் விளிம்பு அல்ல, அந்த ஸ்குரூவின் தலை. ஃபெண்டரையே வெளியே இழுத்து அகலப்படுத்தும் வேலை இந்த அளவு வீலுக்குத் தேவைப்படாது. டயரின் தரைப்பகுதி ஃபெண்டருக்குள் மறைந்திருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் சட்டம். பதிவிலும் காப்பீட்டிலும் இந்த மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டுமா என்பதை வீலுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் விசாரித்துவிடுங்கள்.

மாட்டியதும் டார்க் ரெஞ்சால் காருக்குரிய அளவில் இறுக்குங்கள். 80 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி சரிபாருங்கள். அதே சமயம் டயரின் இரு தோள்களிலும் சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டு, ஆட்களோடு ஒரு சுற்று போய் வாருங்கள். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி நிறுத்தும்போது பிளாஸ்டிக் லைனரில் லேசாகப் பட்டால் நான் பொறுத்துக்கொள்வேன். உலோகம் தொடும் இடத்தில் சாக்கட்டி அழிந்திருந்தால் அந்த மூலையைச் சரிசெய்யும்வரை பின் இருக்கையில் யாரையும் ஏற்றாதீர்கள்.